கட்டலொக் எந்த இடத்தில் நின்றது? மட்டக்களப்பு, அம்பாறை வழங்குநர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பாசிக்குடா ஹோட்டலுக்கு மருதமுனையிலிருந்து துவாயும் விரிப்பும் போகின்றன. கல்முனைக் காகிதாதிக் கடையிலிருந்து தாளும் ரோனரும் போகின்றன. சம்மாந்துறை ஆலையிலிருந்து அரிசி மூட்டை போகிறது. முன்பு இதற்கெல்லாம் தொலைபேசி போதும். இப்போது வாங்குகிற கொம்பனியின் தலைமையகம் கொழும்பில் இருந்துகொண்டு, “உங்கள் கட்டலொக்கை எங்கள் கொள்வனவு முறைமையோடு இணையுங்கள்” என்று கேட்கிறது. கட்டலொக் என்றால் பொருளும் விலையும் உள்ள பட்டியல். இணைத்த பிறகு ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் நின்றால், பிழை யாருடையது என்று இரண்டு பக்கமும் மின்னஞ்சல் எழுதி எழுதியே மாதம் போய்விடும். அந்த மாதம் முழுக்க ஓடர் வேறு கடைக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் இந்த வழிமுறை.

இணைப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொருள் பட்டியலை ஒரு கோப்பாகக் கொடுப்பது. சிஐஎஃப் என்ற அமைப்பிலோ எக்செல்லிலோ கொடுத்தால் வாங்குபவரின் முறைமை அதை ஏற்றி வைத்துக்கொள்ளும். மற்றது பஞ்ச்அவுட். வாங்குபவரின் ஊழியர் தன் திரையில் உங்கள் பெயரை அழுத்தியதும் உங்கள் இணையக் கடை திறக்கும். அவர் கூடையை நிரப்பி முடித்ததும் கூடை அவருடைய முறைமைக்குத் திரும்பும். அரிபா, கூபா போன்ற கொள்வனவு முறைமைகள் பெரும்பாலும் சிஎக்ஸ்எம்எல் என்ற செய்தி வடிவத்தில் இதைச் செய்கின்றன. எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருள் வழி வந்த முறைமைகளில் ஓசிஐ என்ற வடிவம் இன்னும் அதிகம்.

ஒரு விடயத்தை முதலே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் பிழைச் செய்தியை வைத்துக் காரணம் தேடாதீர்கள். உண்மையில் போன செய்தியையும் வந்த செய்தியையும் எடுத்துப் பாருங்கள். “கட்டலொக் கிடைக்கவில்லை” என்று ஹோட்டல் திரையில் விழும் ஒரே வரிக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். சேர்வரில் வந்த செய்தி, கொடுத்த பதில், திருப்பி அனுப்பிய கூடை ஆகிய மூன்றையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி புரோகிராமரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் கீழே உள்ள எதையும் முறையாகச் சோதிக்க முடியாது. பதிவில் கடவுச்சொல் இருக்கும் பகுதியை மட்டும் மறைத்துவிடுங்கள்.

கீழே ஒலிப்பில் எழுதியிருக்கும் குறியீடுகளைக் கணினியில் இடும்போது ஆங்கில எழுத்தில் இடவேண்டும். அலகுக் குறியீடுகள் எல்லாம் பெரிய எழுத்து.

அறிகுறி 1: பெயரை அழுத்தினால் கடை திறக்கவே இல்லை

பதிவில் அந்த நேரத்துக்கு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் செய்தி உங்களிடம் வந்து சேரவில்லை. கொடுத்த முகவரி தவறாக இருக்கலாம், அல்லது சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் குறையாக இருக்கலாம்.

இந்தச் சான்றிதழ் விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் பிரவுசரில் கடை பூட்டுக் குறியோடு ஒழுங்காகத் திறக்கும். வாங்குபவரின் சேர்வரோ நம்ப மறுக்கும். காரணம், கடையின் சான்றிதழைச் சான்றளிக்கும் அமைப்போடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ். சேர்வரில் கடையின் சான்றிதழை மட்டும் நிறுவிவிட்டு இடைநிலையை விட்டுவிட்டால், பல பிரவுசர்கள் குறைந்த கண்ணியைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். சேர்வர் மென்பொருள் அநேகமாக அப்படித் தேடாது. முழுச் சங்கிலியும் உள்ள கோப்பை நிறுவினால் சரிவரும். லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ் என்றால் அதன் ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். “மூன்று மாதம் நன்றாக ஓடியது, திடீரென நின்றுவிட்டது” என்று யாராவது சொன்னால், தானாகப் புதுப்பிக்கும் வேலை நின்றுவிட்டதா என்று அங்கேயே பாருங்கள்.

செய்தி வந்திருந்து நீங்கள் 401 (அனுமதி மறுப்பு) என்ற பதில் கொடுத்திருந்தால், அடையாளம் பொருந்தவில்லை. சிஎக்ஸ்எம்எல் செய்தியின் தலைப்பகுதியில் ஃப்ரம், டூ, செண்டர் என்று மூன்று அடையாளங்கள் இருக்கும். இரகசியச் சொல் செண்டர் பகுதியில்தான் வரும். வாங்குபவர் நேரடியாக அனுப்பினால் ஃப்ரமும் செண்டரும் ஒன்றாக இருக்கும். இடையில் அரிபா போன்ற வலையமைப்பு இருந்தால் செண்டர் அந்த வலையமைப்பாகிவிடும். இரகசியச் சொல்லை ஃப்ரமில் உள்ள பெயரோடு ஒப்பிடும்படி எழுதிய நிரல், நேரடி வாடிக்கையாளருக்கு வேலை செய்து வலையமைப்பு வழியாக வருபவருக்கு மறுத்துவிடும். இரகசியச் சொல்லைச் செண்டரோடு ஒப்பிடுங்கள். எந்த வாடிக்கையாளர், எந்த விலைப்பட்டியல் என்பதை ஃப்ரமை வைத்துத் தீர்மானியுங்கள்.

அடையாள எண்ணின் முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மின்னஞ்சலில் இருந்து பிரதி எடுத்து ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். அரிபாவின் சோதனைக் கணக்கு எண்ணுக்குக் கடைசியில் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் இருக்கும். உண்மைக் கணக்கில் அது இராது. சோதனையில் ஓடியது நேரடிப் பாவனையில் ஓடாததற்கு இந்த ஓர் எழுத்தே போதும்.

நீங்கள் 200 (சரி) என்று பதில் கொடுத்தும் அந்தப் பக்கம் “பதில் புரியவில்லை” என்றால், பதிலின் முதல் எழுத்தைப் பாருங்கள். செய்தி எழுதப்படும் எக்ஸ்எம்எல் மொழியின் அறிவிப்பு வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே முழுப் பதிலும் செல்லாது. கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பொம் குறி இருந்தாலும் சில முறைமைகள் ஏற்காது. பிஎச்பி கோப்பை நோட்பேடில் திறந்து சேமித்தால் இந்தக் குறி சேர்ந்துவிடக்கூடும். குறி இல்லாத யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள்.

அறிகுறி 2: கடை திறக்கிறது, ஆனால் கூடை வெறுமையாகிக்கொண்டே இருக்கிறது

ஊழியர் ஒரு பொருளைக் கூடையில் போடுகிறார். அடுத்த பக்கம் போனால் கூடை வெறுமை. அல்லது “உள்நுழையுங்கள்” என்று மறுபடி கேட்கிறது. உங்கள் கணினியில் தனியாகத் திறந்தால் எந்தக் குறையும் இல்லை.

வாங்குபவரின் முறைமை உங்கள் கடையைத் தன் பக்கத்துக்குள் ஒரு சட்டகமாகத் திறக்கிறது. அதனால் உங்கள் குக்கி (ஊழியரை நினைவில் வைக்கக் கடை பிரவுசரில் விடும் சிறு குறிப்பு) பிரவுசருக்கு வெளியார் குக்கியாகத் தெரிகிறது. 2020 பெப்ரவரியில் வந்த குரோம் 80 தொடக்கம், சேம்சைட் என்ற குறிப்பு இல்லாத குக்கி இப்படிச் சட்டகத்துக்குள் அனுப்பப்படுவதில்லை. குக்கியில் சேம்சைட்டை ‘நன்’ என்றும், கூடவே ‘செக்கியூர்’ என்றும் குறித்தால் குரோமில் பெரும்பாலும் தீரும். இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும், கடையும் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கவேண்டும்.

சஃபாரி வேறு கதை. அது வெளியார் குக்கியை முழுமையாகவே தடுக்கிறது. குறிப்பு மாற்றி அங்கே எடுபடாது. கட்டலொக்கைச் சட்டகத்தில் திறக்காமல் முழுச் சாளரத்தில் திறக்கும்படி வாங்குபவரின் நிருவாகியிடம் கேளுங்கள். எங்கள் பரிந்துரையும் எப்போதும் அதுதான். சட்டகத்துக்குள் கடை நடத்துவது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டு போகிறது.

சட்டகத்துக்குள் வெறும் வெள்ளைப் பக்கம் மட்டும் தெரிந்தால் அது குக்கிப் பிரச்சினை அல்ல. உங்கள் சேர்வர் “என்னைச் சட்டகத்துக்குள் காட்டாதே” என்ற தலைப்பை அனுப்புகிறது. வாங்குபவரின் முகவரியை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். தலைப்பை முற்றாக எடுத்துவிடுவது பாதுகாப்பல்ல.

அறிகுறி 3: கூடை திரும்பிப் போகவில்லை, அல்லது பாதியில் அறுந்து போகிறது

திரும்பும் வழியில்தான் அதிகம் பிழை நேர்கிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கூடையைத் திருப்பி அனுப்புவது ஊழியரின் பிரவுசரா, உங்கள் சேர்வரா? பிரவுசர்தான் அனுப்பவேண்டும். ஒரு மறைபடிவத்தில் கூடையை வைத்து, ஊழியர் பொத்தானை அழுத்தும்போது அவருடைய பிரவுசரே அதை எடுத்துச் செல்லவேண்டும். சேர்வரிலிருந்து நேரே அனுப்பினால் அந்தப் பக்கம் 200 என்றே பதில் வரலாம். ஆனால் ஊழியரின் திரையோடு அதற்குத் தொடர்பில்லாததால் கூடை எங்கேயும் விழாது.

திரும்பும் முகவரியை நிரலில் நிரந்தரமாக எழுதிவிட்டீர்களா? சிஎக்ஸ்எம்எல்லில் பிரவுசர்ஃபார்ம்போஸ்ட் என்றும் ஓசிஐயில் ஹூக்யூஆர்எல் என்றும் வரும் முகவரி ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும். அதற்குள் அந்த ஊழியரின் அமர்வு எண் இருக்கும். நேற்றைய முகவரிக்கு இன்று அனுப்பினால் “அமர்வு காலாவதி”. பயர்குக்கி என்ற அடையாளமும் அப்படித்தான். வந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். நீளமாக இருக்கிறது என்று தரவுத்தளத்தில் 50 எழுத்துக்கு வெட்டிச் சேமித்த கடைகளில், சில வாடிக்கையாளருக்கு மட்டும் கூடை திரும்பாமல் போகும்.

அடுத்தது & குறி. “விரிப்பு & தலையணை உறை” என்று ஒரு பொருளுக்குப் பெயர் இருந்தால், அந்தத் தனிக் குறியே முழு எக்ஸ்எம்எல்லையும் செல்லாததாக்கும். அந்தக் குறிக்குப் பின்னால் ஏ, எம், பி என்ற மூன்று சிறிய எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்த்து எழுதவேண்டும். நிரலில் இதைக் கையால் செய்யாதீர்கள். எக்ஸ்எம்எல் எழுதும் நூலகத்தைப் பயன்படுத்தினால் அது தானாகச் செய்யும்.

இரும்புக்கடைக்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. “பிவிசி குழாய் 4" ” என்று அங்குலக் குறி போட்டிருப்பீர்கள். மறைபடிவத்தின் மதிப்பு இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால், அந்த அங்குலக் குறியோடு மதிப்பு முடிந்துவிட்டதாகப் பிரவுசர் எடுத்துக்கொள்ளும். கூடையில் முதல் இரண்டு பொருள் சரியாக இருந்து, மூன்றாவதில் குழாய் வந்த இடத்தோடு செய்தி அறுந்திருந்தால் காரணம் இதுதான். மதிப்பை எச்டிஎம்எல்லுக்கும் ஒருமுறை பாதுகாப்பாக மாற்றவேண்டும். அல்லது சிஎக்ஸ்எம்எல்-பேஸ்64 என்ற பெயருள்ள புலத்தில் முழுச் செய்தியையும் பேஸ்64 (எல்லாவற்றையும் சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் முறை) ஆக்கி அனுப்புங்கள். & குறியும் அங்குலக் குறியும் தமிழ் எழுத்தும் வழியில் சிதையாமல் போய்ச்சேரும். தமிழில் பொருள் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியையே வலியுறுத்திச் சொல்கிறோம்.

ஓசிஐ என்றால் பொருள்களின் வரிசை எண் 1 இலிருந்து தொடங்கவேண்டும். புரோகிராமர்கள் பழக்கத்தில் 0 இலிருந்து எண்ணிவிடுவார்கள். முதல் பொருள் மட்டும் காணாமற்போனால் அதைப் பாருங்கள்.

அறிகுறி 4: கூடை போய்ச் சேர்கிறது, பொருள் மறுக்கப்படுகிறது

அலகுக் குறியீடு, நாணயம், விலை எழுதிய விதம், வகைக் குறியீடு. இந்த நான்கையும் இதே ஒழுங்கில் சோதியுங்கள்.

அலகுக்கு “துண்டு”, “பெட்டி”, “பிசிஎஸ்” என்று விருப்பப்படி எழுத முடியாது. ஐநாவின் பரிந்துரை 20 இலுள்ள குறியீடுகளைத்தான் பெரும்பாலான முறைமைகள் எதிர்பார்க்கும். ஒன்று ஒன்றாக விற்பதற்கு ஈஏ, கிலோவுக்குக் கேஜிஎம், லீற்றருக்கு எல்டிஆர், மீற்றருக்கு எம்டிஆர், டசினுக்கு டிஇசட்என். கிலோவுக்கு வெறும் கேஜி என்று எழுதுவது அமெரிக்க முறைக் குறியீடு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால் பாதி ஏறும், பாதி விழும். சிஐஎஃப் கோப்பின் தலைப்பில் யுஎன்யுஓஎம் என்ற வரியை ‘ட்ரூ’ என்று வைத்தால் ஐநா குறியீடுகளைப் பயன்படுத்துவதாக அர்த்தம். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே கேஜி எழுதாதீர்கள்.

நாணயம் எல்கேஆர் என்ற மூன்றெழுத்து. ரூ., ஆர்எஸ் எதுவும் செல்லாது. விலையில் ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடாதீர்கள். 12,500.00 என்பதை 12500.00 என்று எழுதுங்கள். காற்புள்ளியைப் பதின்மக் குறியாக எடுக்கிற ஐரோப்பிய அமைப்பு ஒன்றில் அந்த விலை பன்னிரண்டரை ரூபாயாகிவிடலாம்.

வகைக் குறியீடு யூஎன்எஸ்பிஎஸ்சி, பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேசக் குறியீட்டு முறை. எட்டு இலக்கம், இரண்டிரண்டாக நான்கு படி. அச்சுப்பொறித் தாளுக்கு 14111507. இதில் 14 தாள் பிரிவு, 1411 அதற்குள் தாள் பொருட்கள், 141115 அச்சு மற்றும் எழுது தாள், கடைசி இரண்டு இலக்கம் குறித்த பொருள். ரோனருக்கு 44103103. எல்லாவற்றுக்கும் பொதுவாக 14000000 என்று போட்டால் ஏற்றும்போது பிழை வராமலும் போகலாம். ஆனால் வாங்குபவரின் முறைமை இந்த எட்டு இலக்கத்தை வைத்துத்தான் எந்தக் கணக்குத் தலைப்பு, யாருடைய அனுமதி என்று தீர்மானிக்கிறது. பொதுக் குறியீடு போட்ட பொருளின் ஓடர் அனுமதி தருகிறவரே இல்லாத வரிசையில் போய்த் தூங்கும். நீங்கள் “ஓடர் வரவில்லை” என்று காத்திருப்பீர்கள். கடைசி இரண்டு இலக்கமும் பூச்சியமாக இருக்கும் எந்த வரியையும் எக்செல்லில் வடிகட்டி எடுத்து, சரியான பொருள் குறியீட்டைத் தேடி இடுங்கள்.

அறிகுறி 5: விலை பிழை

பிழைச் செய்தியே வராத பிழை இது. அதனால்தான் மிக ஆபத்தானது. உதாரணமாக ஆலை ஒன்று 25 கிலோ அரிசி மூட்டையை 5,500 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்று வைப்போம். பட்டியலில் அலகு கேஜிஎம், விலை 5500. ஹோட்டல் சமையற்கூடத்துக்கு 500 கிலோ தேவை, 500 என்று அடிக்கிறார்கள். ஓடர் 2,750,000 ரூபாய்க்குப் போகிறது. உண்மையில் அது 20 மூட்டை, 110,000 ரூபாய். அனுமதி தருபவர் கவனித்தால் ஓடர் திரும்பும். கவனிக்காவிட்டால் விலைச்சிட்டை பொருந்தாமல் கொடுப்பனவு நிற்கும். மூட்டையாக விற்பதென்றால் அலகும் மூட்டைக் குறியீடாகவே இருக்கட்டும், பெயரில் “25 கிலோ மூட்டை” என்று தெளிவாக இருக்கட்டும். அல்லது அலகைக் கிலோவாக வைத்து விலையை 220 என்று இடுங்கள். இரண்டில் ஒன்று.

தாளிலும் இதே கதை. ஒரு பெட்டியில் ஐந்து றீம், ஒரு றீமில் 500 தாள். பெட்டி விலையை றீம் அலகில் போட்டால் ஐந்து மடங்கு, றீம் விலையைப் பெட்டி அலகில் போட்டால் நட்டம் உங்களுக்கு.

ஓசிஐயில் பிரைஸ்யூனிட் என்ற புலம் இருக்கிறது. விலை எத்தனை அலகுக்கு என்பதை அது சொல்லும். வெறுமையாக விட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும். 100 கவருக்கு விலை சொல்லிவிட்டு இந்தப் புலத்தை விட்டுவிட்டால் ஒவ்வொரு கவரும் நூறு கவரின் விலைக்குப் போகும்.

பிறகு வற் வரி. 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். கட்டலொக்கின் அலகு விலையில் வரி சேர்க்காதீர்கள். வரிக்கு முன் 1,000 ரூபாயான துவாய்க்கு 1,180 என்று போட்டால், வாங்குபவரின் முறைமை அதன் மேல் மறுபடி 18 சதவீதம் போட்டு 1,392.40 ஆக்கும். வற் பதிவு இல்லாத சிறு வழங்குநர் என்றால் அதை வாங்குபவரின் வழங்குநர் பதிவிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஒவ்வொரு ஓடரிலும் நீங்கள் அறவிட முடியாத வரி ஒன்று தானாக ஏறிக்கொண்டிருக்கும்.

அறிகுறி 6: தமிழ்ப் பெயர் குழம்பிப்போகிறது

எப்படிக் குழம்பியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால், எக்செல்லில் புலங்களை ஒரு குறியால் பிரிக்கும் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்திருக்கிறீர்கள். தமிழ் அங்கேயே அழிந்துவிட்டது, மீட்க முடியாது. மூல எக்செல்லைத் திறந்து “சிஎஸ்வி யூடிஎஃப்-8” என்ற தெரிவில் மறுபடி சேமியுங்கள். கோடு போட்ட ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறிகளும் மூன்று மூன்றாக வந்தால், எழுத்து அழியவில்லை, வாசிக்கிற பக்கம் தவறான குறிமுறையில் வாசிக்கிறது. அதைச் செய்தியின் தலைப்பிலும் கோப்பின் தலைப்பிலும் யூடிஎஃப்-8 என்று குறித்துச் சரிசெய்யலாம்.

சுத்தமான ஆங்கில எழுத்தாக வந்தால் அது பாமினி. எங்கள் பக்கக் கடைகளின் பழைய விலைப்பட்டியல்கள் அநேகமாகப் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். “தாள்” என்று பாமினியில் அடித்தது உண்மையில் ஜே, எச், எஸ், பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளிச் சாவிதான். சிஎஸ்வி கோப்பில் புலங்களைப் பிரிக்க அரைப்புள்ளி பயன்படுத்துகிற முறைமைக்கு இந்தக் கோப்பு போனால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் ஒரு புதிய நிரல் (கொலம்) பிறக்கும். பெயர் ஒரு கட்டத்தில், விலை அலகின் கட்டத்தில், அலகு குறிப்பின் கட்டத்தில் என்று எல்லாம் தள்ளிப்போகும். முழுப் பட்டியலையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் கண்ணால் வாசித்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் நீளத்தைப் பாருங்கள். ஓசிஐயில் பெயர்ப் புலம் 40 எழுத்து. சில முறைமைகள் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் 3 பைட், கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். “கைத்தறித் தலையணை உறை” என்ற பெயர் 56 பைட். 40 பைட்டில் வெட்டினால் “கைத்தறித் தலைய” என்று நிற்கும். 48 இல் வெட்டினால் கடைசி எழுத்தின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் தொங்கி, எக்ஸ்எம்எல்லே செல்லாமற்போகும். குறும்பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாகவும், தமிழை நீண்ட விபரத்திலும் இடுவது நல்லது. கொழும்பில் இருந்து தேடுபவர் “துவாய்” என்று தேடப்போவதில்லை.

அறிகுறி 7: கோப்பு ஏறவில்லை, அல்லது ஏறியதும் மற்றப் பொருட்கள் மறைந்துவிட்டன

இரண்டாவதை முதலில் சொல்லவேண்டும், அவசரம் அதிகம். சிஐஎஃப் தலைப்பில் லோட்மோட் என்ற வரி இருக்கிறது. எஃப் என்றால் முழுப் பட்டியல், ஐ என்றால் மாற்றங்கள் மட்டும். 500 பொருள் உள்ள கடை, விலை மாறிய 20 பொருளை மட்டும் எஃப் முறையில் ஏற்றினால், மிச்சம் 480 உம் நீக்கப்பட்டதாக முறைமை எடுத்துக்கொள்ளும். உடனே முந்தைய முழுக் கோப்பை எஃப் முறையிலும், பிறகு 20 மாற்றத்தை ஐ முறையிலும் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏற்றிய கோப்பைத் திகதியோடு சேமித்து வைத்தால்தான் இது முடியும்.

கோப்பு ஏறவே மறுத்தால் ஐட்டம்கவுண்ட் வரியில் உள்ள எண்ணும் உள்ளே இருக்கும் வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். பெயருக்குள் காற்புள்ளி இருந்தால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். கடைசியில் எண்ட்ஆஃப்டேட்டா என்ற வரி இருக்கவேண்டும்.

எக்செல் செய்யும் சேதம் தனி. பொருள் எண் 00451 என்பது 451 ஆகும். 10-12 என்ற எண் திகதியாகும். இலங்கைப் பொருட்களில் 479 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு 4.79இ+12 என்று சுருங்கும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போய்விடும். தரவை ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலின் (கொலம்) அமைப்பை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். பின்னால் மாற்றிப் பயனில்லை. இந்தச் சேதம் சில கிழமை கழித்தே வெளியில் தெரியும். ஓடர் 451 என்ற எண்ணோடு வரும், உங்கள் களஞ்சியத்தில் அப்படி ஒரு பொருள் இராது.

கோப்பு ஏறியும் தேடலில் பொருள் வராவிட்டால், வாங்குபவர் பக்கம் யாராவது அந்தப் பதிப்பை இன்னும் அனுமதிக்கவில்லையா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான். அடுத்தது திகதி. 05/11 என்பது நமக்கு நவம்பர் 5, வேறொரு முறைமைக்கு மே 11. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் குழப்பமில்லை. படம் தெரியாவிட்டால் படத்தின் முகவரி எச்டிடிபிஎஸ்ஸா, கோப்புப் பெயரில் இடைவெளி இருக்கிறதா, பெரிய சிறிய எழுத்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூகுள் டிரைவ் பகிர்வு இணைப்பு படமல்ல, படத்தைக் காட்டும் ஒரு பக்கம். அது இங்கே உதவாது.

அறிகுறி 8: ஒரே ஓடர் இரண்டு தடவை வருகிறது

ஓடர் செய்தி வந்ததும் உங்கள் சேர்வர் உடனே 200 என்று பதில் சொல்லவேண்டும். பலர் ஓடரை வாங்கி, கடைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பி, களஞ்சியத்தைச் சரிபார்த்து, எல்லாம் முடிந்தபின் பதில் சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். மின்னஞ்சல் சேர்வர் ஒரு நிமிடம் தாமதித்தால் அந்தப் பக்கம் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். முதலில் ஓடரைச் சேமியுங்கள், உடனே பதில் சொல்லுங்கள், மற்ற வேலைகளை அதன் பின்னால் செய்யுங்கள். மீண்டும் அனுப்பிய செய்தியின் பேலோட்ஐடி என்ற செய்தி அடையாளம் முதல் செய்தியினதாகவே இருந்தால் இரண்டாவதுக்கும் 200 கொடுத்துவிட்டு ஓடரைப் புதிதாக உருவாக்காமல் விடுங்கள்.

பேலோட்ஐடி வேறாகவும் ஓடர் எண் அதே எண்ணாகவும் இருந்தால் அது இரட்டிப்பல்ல, திருத்தம். செய்தியின் வகைப் புலத்தில் ‘நியூ’வுக்குப் பதில் ‘அப்டேட்’ என்று இருக்கும். 40 துவாயை 60 ஆக மாற்றியிருப்பார்கள். அந்தப் புலத்தை வாசிக்காத நிரல் முதலில் 40, பிறகு 60 என்று நூறு துவாயை லொறியில் ஏற்றிவிடும். ‘டிலீட்’ வந்தால் ஓடர் இரத்து. கடைக்காரருக்குப் போகும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே “புதியது”, “திருத்தம்”, “இரத்து” என்று பெரிதாக எழுதவையுங்கள்.

ஓடர் திகதி ஒருநாள் பின்னால் தெரிந்தால் சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதிகாலை 5.30க்கு முன் வந்த ஓடர் முந்தைய நாளில் விழும். நேரத்தோடு +05:30 என்ற குறிப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

வாங்குபவரின் உதவிமேசைக்கு எழுதும்போது

“வேலை செய்யவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதினால் அங்கே இருப்பவரும் கைவிரிப்பார். அவர் நூற்றுக்கணக்கான வழங்குநரைப் பார்க்கிறார். பேலோட்ஐடி, +05:30 சேர்த்த நேரம், சோதனைக் கணக்கா நேரடிக் கணக்கா, பொருள் எண், நீங்கள் அனுப்பிய செய்தியின் பிரதி ஆகியவற்றை அனுப்புங்கள். இரகசியச் சொல்லை நட்சத்திரக் குறியால் மறைத்துவிடுங்கள். திரையைப் படம் எடுத்து அனுப்புவதென்றால் முகவரிப் பட்டையும் கணினி நேரமும் தெரியும்படி முழுத்திரையாக எடுங்கள்.

சரிசெய்ததாக அவர்கள் பதில் எழுதினால் உடனே நன்றி சொல்லி மூடிவிடாதீர்கள். மூன்று பொருள் கொண்ட ஒரு கூடையை அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றின் பெயரில் & குறியும் அங்குலக் குறியும் இருக்கட்டும். இன்னொன்றின் விலை 1392.40 போலச் சதத்தோடு இருக்கட்டும். மூன்றாவது தமிழ்ப் பெயரோடும் கேஜிஎம் அலகோடும் இருக்கட்டும். மூன்றும் எழுத்துப் பிசகாமல் வாங்குபவரின் கொள்வனவுக் கட்டளையில் வந்து, அந்தக் கட்டளை உங்கள் பதிவிலும் ஒரே ஒரு தடவை விழுந்த பிறகு முறைப்பாட்டை மூடுங்கள்.